வாரம் இரண்டு நாள் வருபவருக்கு எந்தத் திட்டம்? புதிய பயிற்சியாளர்களுக்கு ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் தனிப்பயிற்சியாளராகத் தொழில் தொடங்குபவரிடம் முதலில் வருபவர்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். 10 வகுப்புகள் கொண்ட பேக்கேஜ் வாங்கியிருப்பார். ராஃபிள்ஸ் பிளேஸிலோ சாங்கி பிஸ்னஸ் பார்க்கிலோ வேலை. வாரம் மூன்று நாள் வருவதாகச் சொல்லிச் சேர்வார், இரண்டு நாள் வருவார், கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் ஒரு நாள்தான் வருவார். அவர் சொன்ன நாள்களை நம்பி எழுதிய திட்டம் இரண்டாவது வாரத்திலேயே குலைந்துவிடும். வரப்போகும் நாள்களை வைத்து எழுதினால் நிற்கும். கீழே உள்ள ஒவ்வொரு தேர்வையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே எடைபோடுகிறோம்.

வாரத்தைப் பிரிப்பதற்குப் புழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. முழு உடலுக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் வேலை கொடுப்பது ஒன்று. மேலுடல் ஒரு நாள், கீழுடல் ஒரு நாள் என்று பிரிப்பது இன்னொன்று. தள்ளும் அசைவுகள், இழுக்கும் அசைவுகள், கால்கள் என்று மூன்றாகப் பிரிக்கும் புஷ்-புல்-லெக்ஸ் மூன்றாவது. புதிய பயிற்சியாளர்களில் பலர் மூன்றாவதையே எடுக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் தங்களுக்குச் செய்துகொள்ளும் பயிற்சி அதுதான். வாரம் ஐந்தாறு நாள் ஜிம்முக்குப் போகும் 25 வயதுக்காரருக்கு அது நல்ல திட்டம். பத்து வகுப்பு பேக்கேஜ்காரருக்கு ஏன் பொருந்தாது என்பதைக் கணக்கே காட்டிவிடும்.

மூன்று நாள் சுற்றை வாரம் இரண்டு வகுப்பில் முடிக்க ஒன்றரை வாரம் ஆகும். மார்புக்கு ஒரு முறை வேலை கொடுத்தால் அடுத்த முறை 10 அல்லது 11 நாள் கழித்துத்தான். நடுவில் ஒரு வகுப்பு தவறினால் இரண்டு வாரம். மேலுடல்-கீழுடல் பிரிவில் ஒவ்வொரு தசைக்கும் வாரம் ஒரு முறை கிடைக்கும். ஆனால் கீழுடல் நாளன்று அவர் வரவில்லையென்றால் கால்களுக்கு 14 நாள் இடைவெளி. முழு உடல் திட்டத்தில் ஒரு வகுப்பு தவறினாலும் எல்லாத் தசைகளுக்கும் அந்த வாரம் ஒரு முறையாவது வேலை கிடைத்துவிடும்.

இடைவெளி நீள்வதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதே பயிற்சியைச் சில நாள்களில் திரும்பச் செய்தால் வலி வெகுவாகக் குறையும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுச் செய்தால் அந்தப் பாதுகாப்பு மெல்லத் தேய்கிறது. ஒவ்வொரு கால் வகுப்புக்குப் பிறகும் எம்ஆர்டி படிக்கட்டில் இறங்க முடியாமல் தவிப்பவர், அடுத்த கால் வகுப்பன்று வேலை இருப்பதாகச் சொல்லி வராமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. அவருக்கு மனஉறுதி இல்லை என்று பயிற்சியாளர் முடிவுகட்டுவார். தவறு திட்டத்தில் இருக்கிறது.

மொத்த செட்டுகள் (ஒரு பயிற்சியை ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) சமமாக இருந்தால், அவற்றை வாரத்தில் எத்தனை நாளாகப் பிரிக்கிறோம் என்பதால் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு வருவதில்லை. எனவே முழு உடல் திட்டத்துக்கு மாயச் சக்தி எதுவும் கிடையாது. வகுப்புகள் தவறும்போதும் செட்டுகளைக் காப்பாற்றித் தருவதே அதன் பலம்.

எங்கள் பரிந்துரை இது. வாரம் மூன்று நாள் அல்லது அதற்குக் குறைவாக வருபவருக்கு முழு உடல். நான்கு நாள் தவறாமல் வருபவருக்கு மேலுடல்-கீழுடல். ஐந்து நாளோ அதற்கு மேலோ வருபவருக்கு மட்டும் புஷ்-புல்-லெக்ஸ்.

ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு அடங்கும்

60 நிமிட வகுப்பில் விசாரிப்பும் வார்ம்-அப்பும் 10 நிமிடம் எடுக்கும், கடைசியில் 5 நிமிடம் போகும். மீதி 45 நிமிடம். 10 ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) கொண்ட ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 40 வினாடி, ஓய்வுக்கு 90 முதல் 120 வினாடி. ஆக ஒரு செட்டுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால் 18 செட். கருவி மாற்றுவது, எடை போடுவது, ஆள் எழுந்துவரக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் நடைமுறையில் 13 அல்லது 14 தான். புதியவர்கள் எழுதும் திட்டங்களில் 22 செட் இருக்கும், கடைசி மூன்று பயிற்சிகள் எந்த வாரமும் நடக்காது. அந்தக் கடைசி மூன்றில்தான் முதுகுக்கான இழுப்புப் பயிற்சி மாட்டிக்கொண்டிருக்கும்.

13 செட்டுக்குள் அடங்கும் முதல் நாள் இப்படி இருக்கலாம். கோப்லெட் ஸ்குவாட் (எடையை மார்போடு பிடித்துச் செய்யும் ஸ்குவாட்) 3 செட், 8 முதல் 12 ரெப். டம்பெல் பெஞ்ச் பிரஸ் 3 செட், அதே ரெப். உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ 3 செட், 10 முதல் 12. குளூட் பிரிட்ஜ் 2 செட், 12. பிளாங்க் 2 செட், 20 முதல் 40 வினாடி. இரண்டாம் நாள்: ரோமேனியன் டெட்லிஃப்ட் (நின்றபடி இடுப்பிலிருந்து குனிந்து எடையை இறக்கித் தூக்குவது) 3 செட், 8 முதல் 10. லாட் புல்டவுன் 3 செட், 10 முதல் 12. டம்பெல் ஷோல்டர் பிரஸ் 3 செட், 8 முதல் 12. ஸ்டெப்-அப் 2 செட், காலுக்கு 10. ஒரு கையில் எடையைப் பிடித்து நடப்பது 2 செட், பக்கத்துக்கு 30 மீட்டர். இரண்டு நாளையும் கூட்டினால் தள்ளுவதற்கு 6 செட், இழுப்பதற்கு 6, தொடையின் முன்பக்கத்துக்கு 5, பின்பக்கத்துக்கும் இடுப்புக்கும் 5. வாரத்துக்கு ஒரு தசைக்கு 10 செட்டுக்கு மேல் என்ற பரிந்துரையைப் படித்துவிட்டு இது குறைவு என்று தோன்றலாம். அந்த எண் ஏற்கெனவே பயிற்சியில் ஊறியவர்கள் வளர்ச்சியை முடிந்தவரை கூட்டுவதற்கானது. முதல் மூன்று மாதத்தில் 5, 6 செட்டிலேயே தெளிவான முன்னேற்றம் வரும்.

இரவு 7 மணிக்கு எந்த ஜிம்மிலும் ஸ்குவாட் ரேக் காலியாக இருக்காது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு மாற்றுப் பயிற்சியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: கேபிள் ரோவுக்கு ஒரு கை டம்பெல் ரோ, லாட் புல்டவுனுக்கு ரப்பர் பேண்ட், ஸ்குவாட் ரேக்குக்கு கோப்லெட். காண்டோ ஜிம்மில் வகுப்பு எடுப்பதானால் வெளிப் பயிற்சியாளரை அனுமதிப்பது குறித்து அந்தந்த நிர்வாகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்டிவ்எஸ்ஜி ஜிம், பூங்கா, புளோக்கின் கீழ்த்தள உடற்பயிற்சி மூலை எதுவானாலும் அதே போலத்தான். இடம் உறுதியாகாமல் பயிற்சிகளை எழுதினால் திரும்ப எழுத வேண்டிவரும்.

எடையைக் கூட்டும் வழிகள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மூன்று முறைகளை ஒப்பிடலாம்.

நேர்கோட்டு முறையில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே ரெப் எண்ணிக்கைக்கு எடை மட்டும் கூடும். பார்பெல்லுக்கு இது அருமையாக ஒத்துவரும். பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு போட்டால் மொத்தம் 2.5 கிலோ கூடும். 40 கிலோ ஸ்குவாட் 42.5 ஆவது 6 விழுக்காட்டு உயர்வுதான். அதே 2.5 கிலோ, 25 கிலோ பெஞ்ச் பிரஸ்ஸுக்கு 10 விழுக்காடு. அதனால்தான் பெஞ்ச் முதலில் நிற்கும், ஸ்குவாட் இன்னும் பல வாரம் போகும். இரண்டு வகுப்பு தொடர்ந்து ரெப் முடியாமல் போனால் 10 விழுக்காடு இறக்கி மறுபடி ஏறுங்கள்.

இரட்டை முன்னேற்ற முறையில் முதலில் ரெப் கூடும், பிறகு எடை கூடும். 8 முதல் 12 என்ற வரம்பில் மூன்று செட்டிலும் 12 வந்த பிறகே அடுத்த எடை. டம்பெல்லும் மெஷினும் வைத்துப் பயிற்சி கொடுப்பவருக்கு இதுவே சரியான தேர்வு. ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது, பல திட்டங்கள் அதில் விழுகின்றன.

பல ஜிம்களில் டம்பெல்கள் 2.5 கிலோ படிகளில் ஏறும். ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையை மதிப்பிட எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு: எடையை, 1 + ரெப்/30 என்பதால் பெருக்க வேண்டும். 20 கிலோவை 12 முறை தூக்குபவரின் உச்சம் 28 கிலோ. அவர் 22.5 கிலோவை ஏழு முறை தூக்குவார், வரம்புக்குச் சற்றுக் கீழேதான், ஒரு வாரத்தில் 8 வந்துவிடும். 10 கிலோவை 12 முறை தூக்குபவரின் உச்சம் 14 கிலோ. 12.5 கிலோ எடுத்தால் மூன்று நான்கு ரெப்பிலேயே நின்றுவிடுவார். 5 கிலோவை 15 முறை தூக்குபவருக்கோ உச்சமே 7.5 கிலோதான், அடுத்த டம்பெல்லை ஒரு முறை தூக்கினாலே பெரிய காரியம். ஷோல்டர் பிரஸ்ஸில் மாதக்கணக்கில் 5 கிலோவிலேயே நிற்கும் பெண்களைப் பார்த்து அவர்களுக்கு முயற்சி போதாது என்று நினைக்காதீர்கள். படி உயரமாக இருக்கிறது.

வழி இருக்கிறது. 10 கிலோவுக்குக் கீழே ரெப் வரம்பை 8 முதல் 12 என்று வைக்காமல் 10 முதல் 20 என்று விரியுங்கள். (ரெப் கூடக் கூட எப்லி சூத்திரத்தின் துல்லியம் குறையும், திசை காட்ட அது போதும்.) எடையை இறக்கும் வேகத்தை மூன்று வினாடியாக்குங்கள். அரை கிலோ, ஒரு கிலோ காந்த எடைகள் கிடைக்கும், அவற்றை உங்கள் பையில் வைத்திருப்பது நல்ல முதலீடு. அதுவும் முடியாவிட்டால் முதல் செட் மட்டும் புதிய எடையில், மற்ற இரண்டும் பழைய எடையில். மூன்று வாரத்தில் இரண்டாவது செட்டும் ஏறும்.

அலைவு முறையில் ஒரே வாரத்தில் ஒரு நாள் கனமான 5 ரெப், இன்னொரு நாள் இலகுவான 12 ரெப் என்று மாறும். நேர்கோட்டு முறை ஓய்ந்தவர்களுக்கு, சுமார் ஆறு மாதம் தவறாமல் வந்தவர்களுக்கு, இது நன்றாக வேலை செய்யும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது தேவையில்லை. அசைவையே இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்கு 5 ரெப் செட்டில் பழகுவதற்குப் போதிய வாய்ப்பு கிடைக்காது. வாரம் ஒரு நாளாகக் குறைந்துவிட்டால் கனமான நாள் எது, இலகுவான நாள் எது என்ற குழப்பமும் சேரும்.

எவ்வளவு கடினமாக

உச்ச எடையின் விழுக்காட்டில் எழுதுவது ஒரு முறை, மிச்ச ரெப்பில் எழுதுவது இன்னொரு முறை. விழுக்காட்டுக்கு உச்ச எடை தெரிய வேண்டும். தொடக்கநிலையில் உச்சமே வாரத்துக்கு வாரம் மாறும், அட்டவணை மூன்று வாரத்தில் பழசாகிவிடும். எனவே மிச்ச ரெப்பையே பரிந்துரைக்கிறோம். செட் முடிந்ததும் "அண்ணே, இன்னும் எத்தனை முறை தூக்கியிருப்பீங்க?" என்று கேளுங்கள். 2 அல்லது 3 என்பது இலக்கு.

புதியவர்களின் பதிலை அப்படியே நம்ப முடியாது. 2 என்பார்கள், உள்ளே 5, 6 இருக்கும். மூன்றாவது வாரத்தில், ஆபத்தில்லாத ஒரு மெஷினில், உட்கார்ந்து இழுக்கும் ரோ போன்ற ஒன்றில், கடைசி செட்டை மட்டும் முடியாத வரை செய்யச் சொல்லுங்கள். நடுவில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டு, சொன்ன எண்ணையும் உண்மையில் வந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3 என்றால், அடுத்த வாரங்களில் அவர் சொல்லும் எண்ணோடு 3 கூட்டிப் புரிந்துகொள்ளலாம். எடை மேலே போகும் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறதா என்றும் பாருங்கள். வேகம் குறையாமல் முடிந்த செட்டில் மிச்சம் நிறைய இருக்கிறது.

முதல் வகுப்பு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அன்று ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு செட், மிச்சம் 4, அவ்வளவுதான். "என்னால் என்ன முடியும் என்று பாருங்கள்" என்று அவரே கேட்டாலும் 100 ஸ்குவாட் சவால், முடியாத வரை புல்-அப், படிப்படியாக இறக்கும் புல்-அப் எதுவும் வேண்டாம். பழக்கமில்லாத உடலில் அளவுமீறிய முதல் நாள் பயிற்சி தசை இழைகளைச் சிதைத்து, அவற்றின் புரதத்தை ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ரேப்டோமயோலிசிஸ் என்று பெயர். சிங்கப்பூரின் வெப்பமும் நீரிழப்பும் அதைத் தூண்டும். கடுமையான வீக்கம், கையை நீட்ட முடியாத வலி, கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று ஓரிரு நாளில் ஒருவர் செய்தி அனுப்பினால் ஐஸ் வைக்கச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

மூன்று பேர், மூன்று மாற்றங்கள்

ஐபிபிடி என்னும் உடற்தகுதிச் சோதனைக்குத் தயாராகும் தேசிய சேவையாளருக்கு மேலே சொன்ன திட்டத்தை அப்படியே கொடுத்தால் ஏமாற்றம்தான். 2015 முதல் அந்தச் சோதனையில் மூன்றே அங்கங்கள்: ஒரு நிமிட புஷ்-அப், ஒரு நிமிட சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். 100 புள்ளியில் ஓட்டத்துக்கு மட்டும் 50. எனவே வாரம் மூன்று நாள் கிடைத்தால் இரண்டை ஓட்டத்துக்குக் கொடுங்கள். ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 30 நிமிடம். இன்னொரு நாள் ஸ்டேடியம் டிராக்கில் 400 மீட்டர் ஆறு முறை, நடுவில் 90 வினாடி நடை. 12 நிமிடத்தில் முடிக்க விரும்புபவர் ஒவ்வொரு சுற்றையும் 2 நிமிடத்தில் ஓட வேண்டும். முதல் சுற்றை 1 நிமிடம் 40 வினாடியில் பறந்துவிட்டு நான்காவதில் நடப்பவர்கள்தான் அதிகம், கடிகாரத்தோடு பக்கத்தில் நில்லுங்கள். புஷ்-அப்பை அதிகபட்ச எண்ணிக்கையில் பாதியாக 4, 5 செட், வாரம் மூன்று முறை கொடுத்தால் போதும். வெளியில் ஓட்டம் வைத்தால் காலை 7 மணிக்கு முன்போ இரவு 7க்குப் பின்போ வையுங்கள். இடி எச்சரிக்கை வந்தால் உடனே உள்ளே வாருங்கள், புகைமூட்டத்தில் காற்றுத்தரக் குறியீடான பிஎஸ்ஐ 100ஐத் தாண்டினால் டிரெட்மில்லுக்கு மாறுங்கள்.

55 வயதுக்கு மேல் நீரிழிவோடு வரும் ஆன்ட்டிக்குத் தேர்வு வேறு. முதல் வகுப்புக்கு முன் உடல்நலக் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, மருந்துப் பெயர்களையும் எழுதி வாங்குங்கள். இன்சுலினோ, கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தொடங்கும் முன் அளவு 5.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். ஒரு சிறிய பாக்கெட் பழச்சாறு அந்த அளவைத் தரும், உங்கள் பையில் எப்போதும் ஒன்று இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு 220லிருந்து வயதைக் கழிக்கும் இதயத்துடிப்புக் கணக்கு பொய்யாகிவிடும். மூச்சுவாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அவருக்கு அளவு. தூக்கும்போது மூச்சைப் பிடிக்க விடாதீர்கள். திட்டத்தில் கோப்லெட் ஸ்குவாட்டுக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிளாங்குக்குப் பதில் ஒற்றைக் காலில் நிற்பது. மூத்தோருக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்த நடவடிக்கை வாரம் மூன்று நாள் வேண்டும் என்பது சிங்கப்பூரின் உடல் நடவடிக்கை வழிகாட்டி. உங்களிடம் வருவது இரண்டு நாள் என்றால் மூன்றாவது நாளுக்கு 15 நிமிட வீட்டுப் பயிற்சியை எழுதிக் கொடுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் விரதம் தொடங்கும்போது இரண்டு வழி இருக்கிறது: திட்டத்தை நிறுத்துவது, அல்லது சுருக்குவது. சுருக்குவதே நல்லது. எடையைக் குறைக்காமல் செட்டுகளை மூன்றில் ஒன்றாக்கினாலும் பல வாரங்களுக்கு வலிமை நிற்கும். மாறாக, செட்டுகளை அப்படியே வைத்து எடையைக் குறைத்தால் களைப்பு மிஞ்சும், வலிமை போகும். 13 செட்டை 5 ஆக்குங்கள்: ஒரு ஸ்குவாட், ஒரு தள்ளல், ஒரு இழுப்பு, எடையைச் சுமந்து நடப்பது இரண்டு. ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவருக்கு வகுப்பைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் வையுங்கள். பருப்பு, டோஃபு, டெம்பே, தயிர் தாராளமாகக் கிடைக்கும் ஊர் இது, விரதத்தில் எவற்றுக்கு இடமுண்டு என்பதை அவரிடமே கேளுங்கள். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலில் சுமையோடு நடக்க வேண்டியிருப்பதால், சுமந்து நடக்கும் பயிற்சியும் கெண்டைக்கால் பயிற்சியும் விரதத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். புதிதாக எதையும் கடைசி இரண்டு வாரத்தில் சேர்க்காதீர்கள்.

எப்போது மாற்றுவது

ஆயத்தத் திட்டத்தை வாங்கிப் பயன்படுத்துவதா, ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதுவதா என்ற கேள்விக்கு எங்கள் பதில், மேலே உள்ள இரண்டு நாளைப் போன்ற ஒரே அடித்தளத்தை எல்லாருக்கும் வைத்து, ஆளுக்கு மூன்று பயிற்சிக்கு மிகாமல் மாற்றுவது. 15 பேருக்கு 15 வகைத் திட்டம் எழுதினால், எது வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரியாது. பதிவேட்டில் தேதி, எடை, ரெப், சொன்ன மிச்சம், தூக்கம் என்று ஐந்து கட்டங்கள் போதும். பயிற்சிகளை 6 முதல் 8 வாரம் மாற்றாதீர்கள். சலிப்பு வருமே என்று வாரந்தோறும் மாற்றுபவர்களுக்கு எடை கூடிய சான்று எதுவும் கையில் இருக்காது. பேக்கேஜைப் புதுப்பிக்கலாமா என்று யோசிப்பவரிடம் காட்டவும் எதுவும் இருக்காது.

முழு உடலிலிருந்து மேலுடல்-கீழுடலுக்கு மாற்ற மூன்று அறிகுறிகள் சேர்ந்து வர வேண்டும்: பதிவேட்டில் எட்டு வாரம் தொடர்ந்து நான்கு நாள் வருகை (நீங்கள் இல்லாத நாள்களில் அவர் தனியாகச் செய்வதும் கணக்கில் சேரும்), முக்கியப் பயிற்சிகளில் மூன்று வாரமாக ரெப்பும் எடையும் நிற்பது, கூடுதல் செட் சேர்த்தால் வகுப்பு 60 நிமிடத்தைத் தாண்டுவது. மாற்றும் முதல் வாரத்தில் புதிய பயிற்சி ஒன்றுகூட வேண்டாம். அதே பயிற்சிகளை இரண்டு மேலுடல் நாள், இரண்டு கீழுடல் நாள் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று செட் வைத்து, பழைய எடையிலேயே தொடங்குங்கள். நான்காவது செட்டை மூன்றாவது வாரத்தில், முதல் பயிற்சிக்கு மட்டும் சேருங்கள்.